வெட்டின இரும்பு ஒட்டாது

போன செமஸ்டர் முடியிற கிழமை எங்கள் மூன்று பேரின் வட்ஸ்அப் குழுவுக்குள் ஒரு துவக்கின் படம் வந்து விழுந்தது. அனுப்பினது எங்களில் ஒருத்தியின் சித்தப்பா. இங்கிலாந்தில் லொறி ஓடுகிறார். கூட வேலை செய்யிற ஒருவர் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினதில், அவருக்கு ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியம் ஒன்று பிடித்துவிட்டது. ஸ்போர்ட்டிங் கிளேஸ். பறக்கிற தட்டைச் சொட்கண்ணால் சுட்டு உடைக்கிற விளையாட்டு. இரண்டு வருசம் கிளப்பின் துவக்கை வாங்கிச் சுட்டவர், பொலிஸில் அனுமதிப்பத்திரம் எடுத்து, ஒரு ஏலத்தில் பழைய இரட்டைக்குழல் துவக்கு ஒன்றைச் சொந்தமாக்கிவிட்டார்.

துவக்கு எண்டாலே எங்கட தலைமுறைக்கு ஒரு மாதிரித்தான். சண்டை எங்களுக்கு அரைகுறை நினைவு. ஆனால் அந்தச் சொல் வந்தால் வீட்டில் பெரியாக்களின் குரல் தணியிறது இன்னும் நிற்கவில்லை. சொட்கண் என்றால் இங்கே பெரும்பாலும் பயிரைக் காக்க அனுமதிப்பத்திரத்தோடு கமக்காரர் வைத்திருக்கிற சாமான். அதை விளையாட்டுக்கு எடுத்துக்கொண்டு போவது எங்களுக்கு வேறொரு உலகத்துக் கதை. அதனால் இந்தக் கட்டுரை அந்த உலகத்துக்குள்ளேயே நிற்கும். எங்களை இழுத்தது துவக்கு அல்ல, சித்தப்பா கேட்ட கேள்வி.

"பிள்ளையள், நீங்கள்தானே பழசுகளைப் பற்றிப் படிக்கிறியள். கிளப்பில எல்லாரும் இதை வெட்டி மாத்து எண்டினம். வெட்டலாமோ, விடலாமோ?"

எங்களில் ஒருவர் தொல்லியல் படிக்கிறார், ஒருவர் வரலாறு, ஒருவர் தமிழ். துவக்கைப் பற்றி மூன்று பேருக்கும் ஒன்றும் தெரியாது. ஒரு மாதம் வாசித்தோம், பார்த்தோம், சித்தப்பாவைக் கேள்வி கேட்டே களைக்கப் பண்ணினோம். இப்போது எங்களுக்கு ஒரு கருத்து இருக்கிறது. அதை முதலே சொல்லிவிடுறம்: பழைய துவக்கை இந்த விளையாட்டுக்குப் பழக்கலாம், பழக்கவும் வேணும். ஆனால் திரும்பிப் பழையபடி ஆக்கக்கூடிய மாற்றங்களை எல்லாம் முதலில் செய்துபார். திரும்பாத மாற்றத்தைக் கடைசியில் வை. இன்றைக்கு அந்த உலகத்தில் நடக்கிறது இதற்கு நேர் தலைகீழ்.

தட்டே ஒரு மாற்றுத்தான்

முதலில் விளையாட்டு. ஸ்போர்ட்டிங் கிளேஸை "துவக்கோடு விளையாடுகிற கோல்ஃப்" எண்டு சொல்லுவினம். காட்டோரமாக, வயலோரமாகப் பல நிலைகள். ஒவ்வொரு நிலையிலும் தட்டு வேறு மாதிரி வரும். ஒன்று தலைக்கு மேலால் வரும், ஒன்று குறுக்கே ஓடும், ஒன்று தாராக் குஞ்சு எழும்பின மாதிரி நேரே மேலே போகும், ஒன்று முயல் போல நிலத்தில் துள்ளி ஓடும். பெரும்பாலும் சோடி சோடியாக வரும். சாதாரணத் தட்டின் குறுக்களவு 11 சென்ரிமீற்றருக்குக் கிட்ட, நிறை 105 கிராமளவு. பெயர்தான் கிளே. இப்போது மண்ணே இல்லை, சுண்ணாம்புக்கல் தூளும் ஒரு வகைக் கீலும் சேர்ந்த கலவை.

இந்தத் தட்டின் வரலாறு எங்களுக்குப் பிடித்துப்போனது. 19 ஆம் நூற்றாண்டில் உயிருள்ள புறாக்களைப் பெட்டிக்குள் அடைத்து, கயிற்றை இழுத்துத் திறந்துவிட்டுச் சுட்டார்கள். பிறகு புறாவுக்குப் பதிலாகக் கண்ணாடி உருண்டைகள் வந்தன. 1880 இல் அமெரிக்காவின் சின்சினாட்டியைச் சேர்ந்த ஜோர்ஜ் லிகோவ்ஸ்கி களிமண் தட்டுக்குக் காப்புரிமை எடுத்தார். 1900 பாரிஸ் ஒலிம்பிக்கில்கூட உயிர்ப் புறாக்களைச் சுட்டிருக்கிறார்கள். பிரித்தானியாவில் 1921 ஆம் ஆண்டுச் சட்டம் அடைத்துவைத்த பறவைகளைத் திறந்துவிட்டுச் சுடுவதைத் தடைசெய்தது. தட்டை இன்னும் "கிளே புறா" என்றுதான் அழைக்கிறார்கள்.

ஆக, இந்த விளையாட்டே ஒரு மாற்றத்தில் பிறந்தது. பழசைத் தொடாதே, அது புனிதம் எண்டு சொல்லுற கட்சியில் நாங்கள் இல்லை. எங்கட கேள்வி, எதை மாற்றுவது, எந்த ஒழுங்கில் மாற்றுவது என்பதுதான்.

ஒரு மில்லிமீற்றர் பிரச்சினை

கிளப்பில் எல்லாரும் வெட்டச் சொன்ன இடம் துவக்கின் வாய். அதற்குக் காரணம் சோக்.

சொட்கண் தோட்டாவுக்குள் ஒற்றைக் குண்டு இல்லை, நூற்றுக்கணக்கான சிறு சன்னங்கள். இங்கிலாந்தின் 7½ ஆம் இலக்கச் சன்னம் போட்ட 28 கிராம் தோட்டாவுக்குள் ஏறத்தாழ 400 இருக்கும். குழலை விட்டு வெளியே வந்ததும் அவை விரியத் தொடங்கும். குழலின் வாயைக் கொஞ்சம் ஒடுக்கிவிட்டால் விரிவது பிந்தும். அந்த ஒடுக்கம்தான் சோக். 12 போர் குழலின் உள்விட்டம் 18.5 மில்லிமீற்றரளவு. அதில் ஃபுல் சோக் எனப்படும் முழு ஒடுக்கமே ஏறத்தாழ 1 மில்லிமீற்றர்தான். பாதிச் சோக் அதில் அரைவாசி, கால் சோக் அதிலும் அரைவாசி. நகத்தின் தடிப்புக்குள் முழுக் கதையும் அடங்கிவிடும்.

ஆனால் அந்த ஒரு மில்லிமீற்றர் செய்கிற வேலை பெரிது. வழமையான அளவுகோல் இது: 36.5 மீற்றர் தூரத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் எத்தனை வீதம் சன்னம் விழுகிறது? ஃபுல் சோக்குக்கு 70 வீதமளவு, பாதிச் சோக்குக்கு 60, சோக்கே இல்லாத வெறும் குழலுக்கு 40. தூரத்துக்கு ஃபுல் நல்லது என்று இதிலிருந்து விளங்கும். கிட்டத்துக்கு என்ன? 18 மீற்றரில் வெறும் குழல் 32 அங்குல அகலத்துக்கு விரிக்கும், ஃபுல் சோக் 16 அங்குலம். அகலம் அரைவாசி என்றால் பரப்பு கால்வாசி. அதாவது ஃபுல் சோக்கோடு கிட்டத் தட்டைச் சுடுகிறவருக்குப் பிழைவிட இருக்கிற இடம் மற்றவருக்கு இருப்பதில் காற்பங்கு. ஸ்போர்ட்டிங் கிளேஸில் நிறையத் தட்டுகள் 20, 30 மீற்றருக்குள்தான் உடைபடும்.

சித்தப்பாவின் துவக்கில் வலது குழல் பாதிச் சோக், இடது குழல் ஃபுல். இரண்டும் குழலோடு சேர்ந்த நிலையான சோக். செய்தவர் அன்றைக்கே தீர்மானித்துவிட்டார். 1860கள், 70களில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் சோக் வைத்த குழல்கள் வந்த காலந்தொட்டு நூறு வருசமாக இதுதான் வழமை. திருகிக் கழற்றி மாற்றுகிற சோக்குகள் பரவலானது 1970கள், 80களில்தான். இப்போது கடையில் வாங்குகிற புதுத் துவக்கோடு ஐந்து குழாய்கள் ஒரு பெட்டியில் வரும். அதோடு பழகினவர்கள் பழைய துவக்கைப் பார்த்தால் "இதை ஓட்டை போட்டு, திருகு வெட்டி, மாத்துற சோக்காக்கு" என்கிறார்கள். இல்லாவிட்டால் "உள்ளுக்குள்ள அராவி அகலமாக்கு" என்கிறார்கள்.

பிழை துவக்கிலா, தோட்டாவிலா?

எங்கட ஒரு மாத வாசிப்பில் எங்களை எழும்பி இருக்கப்பண்ணின விசயம் ஒன்று இருக்கு. பழைய துவக்கு இன்றைக்கு இறுக்கமாகச் சுடுவதற்குத் துவக்கு மட்டும் காரணமில்லை.

தோட்டாவுக்குள் வெடிமருந்துக்கும் சன்னத்துக்கும் நடுவில் ஒரு தக்கை இருக்கும். அந்தக் காலத்தில் அது கம்பளி நாரோ மட்டையோ. சன்னங்கள் குழலின் சுவரில் உரசி, நசிந்து, வட்டம் கெட்டு, வெளியே வந்ததும் கோணலாக ஓடும். அந்த இழப்பையும் கணக்கில் எடுத்துத்தான் செய்தவர் வாயை இறுக்கினார். 1960களுக்குப் பிறகு பிளாஸ்ரிக் தக்கை வந்தது. அது ஒரு கிண்ணம் மாதிரிச் சன்னங்களைப் பொத்திப் பிடித்துக்கொண்டு போகும். சன்னம் நசிவது குறையும், கூட்டம் கலையாது. அதனால் அதே குழல், அதே சோக், முந்தியைவிட இறுக்கமாகச் சுடும். பாதிச் சோக் என்று செய்தது அதைவிட இறுக்கமான சோக் மாதிரி நடக்கும்.

இப்ப யோசிச்சுப் பாருங்கோ. தோட்டாவை மாற்றினது நாங்கள். பிறகு துவக்குப் பொருந்தவில்லை எண்டு துவக்கை வெட்டப் போறதும் நாங்கள். நார்த் தக்கை போட்ட தோட்டா இன்றைக்கும் கடையில் கிடைக்கிறது. பிளாஸ்ரிக் குப்பை சேர்வதால் பல சுடும் இடங்களில் நார்த் தக்கைதான் கட்டாயமும்கூட. அந்தத் தோட்டாவைப் போட்டாலே துவக்கு அதைச் செய்தவர் நினைத்த நடத்தைக்குக் கிட்டத் திரும்பிவிடுகிறது. ஒரு இழை இரும்பும் போகவில்லை.

ஒரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லவேணும். தோட்டாவில் எழுதியிருக்கிற நீளம் சுட்ட பிறகு வாய் விரிந்து நிற்கிற நீளம். பழைய இங்கிலாந்துத் துவக்குகள் பலவற்றின் தோட்டா அறை 65 மில்லிமீற்றருக்கு வெட்டினது. இன்றைய 70 மில்லிமீற்றர்த் தோட்டா அதற்குள் லேசாகப் போய் இருக்கும், துவக்கும் பூட்டுப்படும். ஆனால் சுடும்போது வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். போகுது என்பதற்காகப் போடக்கூடாது. குழலின் அடியில் பொறித்திருக்கிற சோதனைச் சின்னங்களைத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து வாசிப்பித்த பிறகுதான் முதல் தோட்டாவே வாங்கவேணும். சித்தப்பா அதைச் செய்தார். அவருடையது 65.

எங்கட ஒழுங்கு

சின்ன வயசில் பள்ளிக்கூடச் சட்டைக்கு அம்மாமார் மடிப்பு வைத்துத்தான் தைப்பிப்பார்கள். அடுத்த வருசம் பிள்ளை வளர்ந்தால் மடிப்பை அவிழ்த்துவிடலாம். மிச்சத் துணியை வெட்டி எறிந்த தையல்காரரை எந்த அம்மாவும் இரண்டாம் தரம் தேடிப் போனதில்லை. தொல்லியல் வகுப்பில் இதையே "மீளத்தக்க தன்மை" என்ற பெயரில் படிப்பிக்கிறார்கள். நீ இன்று செய்கிற திருத்தத்தை நாளைக்கு உன்னைவிடக் கூடத் தெரிந்த ஒருவர் அகற்றக்கூடியதாக இருக்கவேணும். சித்தப்பாவுக்கு நாங்கள் சொன்ன ஒழுங்கு இந்த இரண்டும் சேர்ந்தது.

முதலாவது, அளந்து பார். பெரிய கடதாசி ஒன்றைக் கட்டி, தட்டு உடைபடுகிற தூரத்திலிருந்து சுட்டு, 30 அங்குல வட்டம் கீறி, ஓட்டைகளை எண்ணு. குழலில் பொறித்த சோக்கின் பெயரை நம்பாதே. முந்தின சொந்தக்காரர் யாராவது ஏற்கெனவே அராவி இருக்கலாம். கிளப்பில் வெட்டு வெட்டு என்றவர்களில் ஒருவர்கூடச் சித்தப்பாவிடம் "கடதாசியில் சுட்டுப் பார்த்தியா?" என்று கேட்கவில்லை. இதுதான் எங்களுக்குக் கோபம் வந்த இடம்.

இரண்டாவது, தோட்டா. மேலே சொன்ன நார்த் தக்கை. அதோடு நிறையையும் குறை. பழைய வேட்டைத் துவக்கு 3 கிலோவளவுதான், தட்டுக்கென்று செய்த இன்றைய துவக்கு அதைவிட அரைக் கிலோவுக்கு மேல் பாரம். லேசான துவக்கு கூட உதைக்கும். ஒரு நாளைக்கு ஐம்பது, நூறு தோட்டா சுட்டால் தோள் சொல்லும். 28 கிராமுக்குப் பதிலாக 24, 21 கிராம் தோட்டா போட்டால் ஆளுக்கும் நல்லது, பழைய மரத்துக்கும் நல்லது.

மூன்றாவது, கட்டை. சொட்கண்ணில் பின்குறி இல்லை. கன்னம் கட்டையில் எங்கே படுகிறதோ, அதைப் பொறுத்துக் கண் நிற்கும். அந்தக் கண்தான் பின்குறி. கட்டை தாழ்ந்தால் சூடும் தாழும். வேறொருவரின் கைக்கும் கழுத்துக்கும் அளவெடுத்துச் செய்த கட்டையோடு மினக்கெட்டுவிட்டுச் சோக்கைக் குறை சொல்லுகிறவர்கள் எத்தனை பேரோ. கட்டைக்கு மேல் கட்டுகிற தோலுறை, பின்னுக்கு மாட்டுகிற றபர்க் காலணி இரண்டையும் வேண்டாவிட்டால் கழற்றி வைக்கலாம்.

நாலாவது, ஆள். சித்தப்பாவின் துவக்கில் இரண்டு விசைகள். முன்விசை வலது குழலுக்கு, பின்விசை இடதுக்கு. தட்டு வருகிற அந்தக் கணத்தில் கிட்டத்துக்கு முன்விசை, தூரத்துக்குப் பின்விசை என்று விரலே சோக்கைத் தெரிவுசெய்துவிடும். ஐந்து குழாய்ப் பெட்டியோடு வருகிறவர் நிலைக்கு நிலை நின்று சாவி போட்டுத் திருகிக்கொண்டு நிற்கிறார். பழசு என்று பரிதாபப்படுகிற துவக்கில் இந்த வசதி முதலே இருக்கு. கிட்டத் தட்டை அவசரப்பட்டுச் சுடாமல் கொஞ்சம் போகவிட்டுச் சுடுவதும் இதில் சேரும். ஐந்து மீற்றர் பொறுத்தால் விரிவு தானாகக் கூடும்.

இந்த நாலுக்கும் பிறகுதான் ஐந்தாவது: இரும்பு. அராவி அகலமாக்கினால் போன இரும்பு போனதுதான். திருகு வெட்டுவதென்றால் வாயில் போதிய கனம் வேணும், லேசாகச் செய்த பழைய குழல்களில் அது பல நேரம் இருக்காது. வெட்டின குழலை இங்கிலாந்தில் திரும்பச் சோதனைச் சாலைக்கு அனுப்பவேணும். பேர்மிங்ஹாமில் 1813 இலிருந்து அதற்கென்றே ஒரு சாலை நடக்கிறது. கூடின அழுத்தத் தோட்டா வைத்துச் சுட்டுப் பார்த்து, தாங்கினால் முத்திரை குத்துவார்கள். தாங்காவிட்டால் துவக்கு முடிஞ்சுது. இவ்வளவுக்கும் ஆகிற செலவு சித்தப்பா ஏலத்தில் கொடுத்த காசைவிடக் கூட.

"போட்டிக்குப் போறவன் என்ன செய்யிறது?"

எங்களோடு வாதாடினவர்களும் உண்டு. சித்தப்பாவின் நண்பர் ஒருவர் வீடியோ அழைப்பில் வந்து சொன்னார்: "தம்பி, போட்டிக்குப் போறவனுக்கு ஒவ்வொரு தட்டும் கணக்கு. அவன் ஏன் பழசோட சண்டை பிடிக்கவேணும்?" நியாயமான கேள்வி. எங்கட பதில்: அப்படியானவருக்குப் பழைய துவக்கு தேவையில்லை, மாற்றுகிற சோக்கோடு வருகிற இரண்டாம் கைத் துவக்கு ஒன்று போதும். பழையதை வெட்டிப் புதுசு மாதிரி ஆக்கினால் கிடைப்பது பாதிப் புதுசு. பழசும் இல்லை.

இதற்கு அமெரிக்காவில் ஆதாரம் கிடக்கிறது. கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் அங்கே கட்ஸ் கொம்பன்சேற்றர், பொலி-சோக் என்று குழலின் வாயில் பொருத்துகிற கருவிகள் பிரபலம். வாயை அறுத்து, நுனியில் ஒரு குமிழைப் பொருத்தி, திருகினால் எல்லாச் சோக்கும் கிடைக்கும். அன்றைக்கு அது முன்னேற்றம். இன்றைக்கு நல்ல பழைய வின்செஸ்ரர் ஒன்றின் நுனியில் அந்தக் குமிழைக் கண்டால் சேகரிப்பவர்கள் முகத்தைச் சுளிக்கிறார்கள், விலையும் இறங்குகிறது. அறுத்த நுனியை யாரும் திரும்ப ஒட்டமுடியாது. அதே நாட்டில் பிரவுனிங் ஓட்டோ-5 வைத்திருந்தவர்களுக்கு வேறு வழி இருந்தது. அதன் குழல் கழற்றி மாட்டக்கூடியது. விரிவாகச் சுடுகிற இன்னொரு குழலை வாங்கி மாட்டிவிட்டு, பழையதை எண்ணெய் பூசி அலுமாரிக்குள் வைத்தார்கள். இரண்டு பேருமே துவக்கை விளையாட்டுக்குப் பழக்கினவர்கள்தான். ஒருவரின் துவக்கு பழையபடி திரும்பும், மற்றவருடையது திரும்பாது.

மற்றப் பக்கத்திலும் ஒரு கட்சி இருக்கு. "பழசு பழசாகவே இருக்கட்டும், கண்ணாடிப் பெட்டிக்குள் வை" என்கிறவர்கள். அவர்களோடும் எங்களுக்கு ஒத்துப்போகவில்லை. சோடி சோடியாக அரண்மனைகளுக்குச் செய்த விலையுயர்ந்த துவக்குகளுக்கு நூதனசாலையில் இடம் கிடைக்கும். பேர்மிங்ஹாம் பட்டறைகளில் ஆயிரக்கணக்கில் செய்த சாதாரணத் துவக்குக்கு யார் கண்ணாடிப் பெட்டி கொடுக்கப்போகிறார்கள்? அதைப் பாவிக்கிறதுதான் அதைக் காப்பாற்றுகிற ஒரே வழி. பாவிக்காமல் விட்டால் ஒருநாள் யாரோ பொலிஸில் ஒப்படைப்பார்கள், அது உருக்குலைக்குப் போகும்.

ஈயம் போனால்

இவ்வளவு தூரம் எங்கட வாதம் சுகமாக வந்தது. 2029 அதைக் குழப்புகிறது.

2025 யூலையில் பிரித்தானிய அரசாங்கம், சில விதிவிலக்குகளோடு, சொட்கண் தோட்டாக்களில் ஈயச் சன்னத்தைத் தடைசெய்யப்போவதாக அறிவித்தது. மூன்று வருச அவகாசம், 2029 இல் நடைமுறை. ஈரநிலங்களுக்கு இங்கிலாந்தில் 1999 இலேயே தடை வந்துவிட்டது. அமெரிக்கா நீர்ப்பறவை வேட்டைக்கு 1991 இல் நாடு முழுக்கத் தடைசெய்தது. காரணம் தெரிந்ததே: ஈயம் நஞ்சு. பறவைகள் இரைப்பைக்குக் கல் பொறுக்கும்போது சன்னத்தையும் சேர்த்துப் பொறுக்கிச் சாகின்றன, மண்ணுக்குள்ளும் அது கிடந்துகொண்டே இருக்கும். தடை சரி என்பதில் எங்கள் மூன்று பேருக்குள் இரண்டு கருத்து இல்லை. ஒரு பொழுதுபோக்குக்காக மண்ணை நஞ்சாக்க ஒருத்தருக்கும் உரிமை இல்லை.

ஆனால் ஈயத்துக்குப் பதிலாக மலிவாகக் கிடைப்பது உருக்குச் சன்னம். ஈயம் மென்மை, ஒடுக்கத்தில் நசிந்து வழுகிப் போகும். உருக்கு நசியாது. ஃபுல் சோக்கில் உருக்கை அடித்தால் வாய் வீங்கவோ சேதப்படவோ கூடும். சாதாரண உருக்குத் தோட்டாவுக்கும் பாதிச் சோக்கைவிட இறுக்கம் வேண்டாம் என்பதே பொதுவான அறிவுரை. இரும்பையும் உருக்கையும் முறுக்கிச் செய்த பழைய டமஸ்கஸ் குழல்களில் உருக்கே கூடாது. பிஸ்மத் என்ற மாற்று இருக்கிறது, மென்மையானது, பழைய துவக்குக்கு ஏற்றது. ஆனால் விலை. ஞாயிற்றுக்கிழமை நூறு தட்டுச் சுடுகிற லொறிச் சாரதிக்கு அது கட்டாது.

ஆக, சித்தப்பாவின் இடது குழலுக்கு 2029க்குப் பிறகு இரண்டு வழிகள்தான். ஃபுல்லை அராவிப் பாதியாக்குவது, அல்லது அந்தக் குழலைக் கிட்டத்தட்ட ஊமையாக விடுவது. நாங்கள் இவ்வளவு நேரமும் வேண்டாம் என்ற அதே வெட்டு.

இரவிரவாக இதைப் பற்றிக் கதைத்தோம். தொல்லியல்காரி முதலில் ஒத்துக்கொள்ளவே இல்லை. கடைசியில் மூன்று பேரும் வந்து நின்ற இடம் இது: வெட்டுக்கான காரணம் மாறினால் எங்கட தீர்ப்பும் மாறவேணும். ஐம்பதில் இரண்டு தட்டுக் கூட உடைக்க இரும்பை எடுப்பது ஒன்று. சாமான் தொடர்ந்து உயிரோடு வேலை செய்ய எடுப்பது இன்னொன்று. முதலாவதுக்கு வேறு நாலு வழிகள் இருந்தன, அவற்றைச் செய்யாமல் வெட்டுவது சோம்பல். இரண்டாவதுக்கு அந்த நாலும் உதவாது. அப்போது வெட்டலாம். ஆனால் தேவையான அளவுக்கு மட்டும். உருக்குச் சன்னம் நசியாததால் ஈயத்தைவிடக் கூட்டம் கலையாமல் போகும். பாதிச் சோக்கே தூரத்துக்கும் தாராளம். கால் மட்டும், வெறும் குழல் மட்டும் அராவத் தேவையில்லை. ஒரு இழை குறைவாக எடுத்தால் பிறகும் எடுக்கலாம். கூட எடுத்தால் கதை முடிஞ்சுது.

இதில் எங்களுக்கு இன்னொரு கவலையும் இருக்கு. 2029 கிட்ட வரவர அவசரம் கூடும். பயந்துபோய் எல்லாரும் ஒரேயடியாகத் துவக்கைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு ஓடுவார்கள், அல்லது குப்பை விலைக்கு விற்பார்கள். சுவர்க் கனத்தை அளக்காமல், கடதாசியில் சுட்டுப் பார்க்காமல், சின்னங்களை வாசிக்காமல் வெட்டுப்படப்போகிற குழல்கள் எத்தனையோ. சட்டம் ஈயத்தைத்தான் நிறுத்தச் சொல்லுது. துவக்கை அழிக்கச் சொல்லேல்லை. நடுவில் இருக்கிற மூன்று வருசம் அளக்கிறதுக்கும் யோசிக்கிறதுக்கும்தான்.

சித்தப்பா மூன்று மாதம் எங்கட ஒழுங்கைப் பிடித்தார். நார்த் தக்கை போட்ட 24 கிராம் தோட்டா, கட்டைக்குத் தோலுறை, இரண்டு விசையையும் மாற்றி மாற்றி இழுக்கப் பழகினார். ஐம்பதில் பத்தொன்பது உடைத்தவர் இருபத்தெட்டுக்கு வந்துவிட்டார். இரும்பில் கை வைக்கவில்லை. பிறகு ஒரு துவக்குத் திருத்துநரிடம் கொண்டுபோய்க் குழல் முழுக்கச் சுவர்க் கனம் அளப்பித்தார். கனம் போதும் என்றதால் இடது குழலை மட்டும் ஃபுல்லிலிருந்து பாதிக்கு எடுப்பது என்று முடிவு. வலது குழல் இருந்தபடி. எவ்வளவு இருந்தது, எவ்வளவு எடுத்தது, எந்தத் திகதி என்று திருத்துநரைக் கொண்டு ஒரு துண்டில் எழுதுவித்து, துவக்கின் உறைக்குள் வைத்திருக்கிறார். நாளைக்கு அதை வாங்குகிறவருக்குத் தெரியவேணுமாம்.

அந்தத் துண்டின் படத்தையும் குழுவில் போட்டார். கூடவே வெட்டுக்கு முன்னும் பின்னும் சுட்ட இரண்டு கடதாசிகள். நாங்கள் மூன்று பேரும் நூலகத்தின் பின்பக்கத்துப் படியில் இருந்து, போனைப் பெரிசாக்கி, இரண்டு வட்டத்துக்குள்ளும் இருந்த ஓட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணினோம். எண்ணிக்கை மூன்று பேருக்கும் மூன்று விதமாக வந்தது. திரும்பவும் முதலில் இருந்து தொடங்கினோம்.